ஹல்டாவின் பதின்மூன்றாவது போர்வை

என் மகள் ரூத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை, பால் கறந்து முடித்த நேரம். தலை நிறைய முடி. பிசைந்த மாவு போல் கன்னம். குரல் மட்டும் மரம் அறுக்கிற ஆலைக்குச் சமம். எங்கள் வீட்டில் இதுதான் முதல் பேரக்குழந்தை. அதனால் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஹல்டா என்று வைத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டார் கேட்டார்கள், "ஏன் சைலஸ், உங்க வம்சத்துல அந்தப் பேர்ல யாருமே இல்லியே?" இல்லைதான். ஹல்டா பெட்டிங்கில் என்பவள் எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அவள் இல்லாவிட்டால் என் மனைவி டார்க்கஸ் எனக்குச் சம்மதம் சொல்லியே இருக்க மாட்டாள். அதைச் சொன்னால் ஏதோ காதல் தூது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. தச்சு வேலை, கூரை வேலை இரண்டும் செய்துகொண்டிருந்தேன். ஹல்டாவுக்கு முப்பது தாண்டியிருக்கும். நெட்டையான உருவம். செத்துப்போன அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆம்பிளை மாதிரி எட்டு வைத்து நடப்பாள். தேனீ வளர்ப்பாள், பாலாடைக்கட்டி போடுவாள். அவள் போடும் பாலாடைக்கட்டிக்காக ஆறு மைல் தள்ளியிருந்தும் வண்டி வரும். காளை மாடுகளோடு பேசுவாள், அவையும் நின்று கேட்கும். அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். அதற்கப்புறம் படுக்கையில் விழுந்த அத்தையையும் அவள்தான் பார்த்தாள். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மேட்டின்மேல் இருந்த தன் சின்ன வீட்டையும் அதைச் சுற்றின மேய்ச்சல் நிலத்தையும் ஹல்டா பேருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

அந்த வீடு கிடைத்தபோது ஹல்டா செய்த முதல் வேலை, கதவுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தது. எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு வண்ணமே கிடையாது. அடித்தவர்களும் வெள்ளைதான் அடிப்பார்கள். மஞ்சள் கதவு கீழே ஆற்றுப் பாலத்திலிருந்தே தெரியும். "கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு," என்று அவள் அண்ணன் லீவை சொன்னான். "அதான் அண்ணா வேணும்," என்றாள் இவள்.

லீவைக்கு அந்த வீட்டின்மேல் ஒரு கண். அவன் நிலத்தை ஒட்டித்தான் அத்தையின் மேடு. கம்பளி ஆடு வளர்த்தால் கொழிக்கலாம் என்று எல்லாரும் அலைந்த காலம் அது. லீவையிடம் ஆடு இருந்தது, மேடு இல்லை. தங்கையிடம் கேட்டான். மாட்டேன் என்றுவிட்டாள். கல்யாணம் ஆகாத பெண்ணின் சொத்து அவள் சொத்து. கல்யாணம் ஆகிவிட்டால் அதன்மேல் பேச்சு புருஷனுடையது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து நடைமுறை அதுதான். லீவை அதைப் பிடித்துக்கொண்டான்.

ஓபெட் க்விம்பி என்று ஒருவன். பக்கத்துப் பண்ணைக்காரன், நாற்பது வயது, நல்லவன், வாய் மட்டும் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஹல்டா வீட்டுக்கு வருவான். கதவைத் தட்டமாட்டான். தன் வீடு மாதிரி திறந்துகொண்டு வந்து அடுப்புப் பக்கம் உட்காருவான். அவள் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு சாப்பிடுவான். "காத்து வடக்கால திரும்பிருச்சு," என்பான். "ஆமா," என்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விடுவான். வருஷக்கணக்காக இது நடந்தது. எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஹல்டாவுக்கு மட்டும் அது அர்த்தமாகப் படவில்லை. அவன் வீட்டு அடுப்பு புகைகிறது, அதனால் வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது போர்வைக்கு வருகிறேன். எங்கள் பெண்கள் சின்ன வயதிலிருந்தே துணித்துண்டுகளை ஒட்டித் தைத்துப் போர்வைக்கு மேல்பக்கம் தயார் செய்துவைப்பார்கள். பன்னிரண்டு சாதாரணப் போர்வை. பதின்மூன்றாவது கல்யாணப் போர்வை. அதில் மட்டும்தான் இதய வடிவம் வைத்துத் தைக்கலாம். கல்யாணம் நிச்சயமாகாமல் இதயத்தைத் தொட்டால் கடைசிவரை கன்னிதான் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நிச்சயமான பிறகு அதைப் பெரிய மரச்சட்டத்தில் பூட்டி, பஞ்சு வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து தைத்து முடிப்பார்கள். சாயங்காலம் ஆண்களுக்கும் சாப்பாடு உண்டு.

அந்த இலையுதிர் காலத்தில் ஹல்டா என்னிடம் வந்து மரச்சட்டம் செய்யச் சொன்னாள். செய்து எடுத்துப்போய் மாடியறையில் பூட்டிக்கொடுத்தேன். அவள் துணியை விரித்தாள். சிவப்பும் வெள்ளையுமாக எங்கு பார்த்தாலும் இதயம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிவந்து டார்க்கஸிடம் சொன்னேன். டார்க்கஸ் ராக்சனா அம்மாளிடம் சொன்னாள். ராக்சனா ஒரு விதவை. அவளிடம் சொன்னால் சர்ச் மணி அடித்த மாதிரி. பொழுது சாயும் முன்னே லீவை காதுக்குப் போய்விட்டது.

லீவை நேரே ஓபெட்டிடம் போனான். "இதயம் தைக்கிறா. இன்னும் என்னத்துக்கு உக்காந்திருக்கே? ஜோத்தம்கிட்டப் போய்ச் சொல்லு, கூவட்டும்."

"அவளைக் கேக்க வேணாமா?"

"கூச்சப்படுவா. அப்பா இல்ல, நான்தான் மூத்தவன். நான் சரின்னுட்டேன்."

ஜோத்தம் எங்கள் ஊர் கிளார்க். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு அவர் சர்ச்சில் எழுந்து நின்று, இன்னாரும் இன்னாரும் மணம் செய்ய இருக்கிறார்கள் என்று கூவ வேண்டும். முதல் ஞாயிறு கூவினார். ஹல்டா அன்று வரவில்லை. முதல் கூவலன்று பெண் வெட்கப்பட்டு வீட்டில் இருப்பது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்துத் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அவள் உண்மையில் மாட்டுக்கொட்டகையில் கன்று ஈன முடியாமல் தவித்த பசுவோடு போராடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ஓபெட் மேட்டுக்குப் போகவில்லை. கூவின பிறகு மாப்பிள்ளை போனால் நன்றாக இருக்காது என்று லீவை சொல்லிவைத்திருந்தான். மேட்டில் தனியாக இருந்தவளுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. தன் கல்யாணச் செய்தியைப் பெண்ணுக்கே யார் போய்ச் சொல்வார்கள்?

வியாழக்கிழமை தையல் வைத்திருந்தாள். அன்றைக்கே எனக்கும் அவள் வீட்டில் வேலை. கூரைப் பலகை நாலைந்து பெயர்ந்திருந்தது. நான் மேலே ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேர் கீழே மாடியறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பெண்கள் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் இல்லாத இடத்தில் பெண்கள் பேசுவதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

ராக்சனாவுக்குக் கண் மங்கல், ஊசி கோக்க வராது. ஆனால் வாசிப்பாள், எழுத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. பாஸ்டனிலிருந்து வரும் பெண்கள் பத்திரிகையில் ஒரு சிறுகதை. கிளாரிந்தா என்று ஒரு பெண். கப்பல் தலைவனை வேண்டாம் என்கிறாள், வக்கீலை வேண்டாம் என்கிறாள், தன்னிஷ்டப்படி குதிரை ஓட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில் காய்ச்சல் வந்து, கண்ணீர்விட்டு, வக்கீலையே கட்டிக்கொள்கிறாள்.

"அவ்வளவுதானா?" என்றது ஹல்டாவின் குரல்.

"அவ்வளவுதான். வேற என்ன வேணும்?"

"எல்லாக் கதையும் ஏன் சர்ச் வாசல்லயே நின்னுடுது? அதுக்கப்புறம் அந்தக் குதிரை என்னாச்சு?"

"வக்கீல் வித்திருப்பான்," என்றாள் டார்க்கஸ்.

ராக்சனா சிரித்தாள். "அதுக்கப்புறம் அவ பாத்திரம் கழுவினாடி. அதை எவ படிப்பா? நான் கழுவறதே போதும்."

"காய்ச்சல் வரலேன்னா கட்டியிருக்க மாட்டா. நல்ல கஞ்சி குடுத்திருந்தா கதையே மாறியிருக்கும்," என்றாள் ஹல்டா.

பெண்கள் சிரித்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. நானும் மேலே தனியாகச் சிரித்தேன்.

அப்போதுதான் லீவையின் மனைவி மெர்சி வாய் திறந்தாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். "கிண்டல் பண்றியே ஹல்டா, உன் கதையும் அதே மாதிரி நல்லபடியா முடியுதில்ல?"

"என் கதையா?"

"ஓபெட் கூவச் சொன்னதுதான். ஜோத்தம் தொண்டை கட்டினாலும் உன் பேரை மட்டும் நல்லா உருட்டிச் சொன்னாரு."

உள்ளே ஒரு ஊசியும் நகரவில்லை. எனக்கு மேலிருந்தே தெரிந்தது.

"என்ன கூவினாரு?" என்று கேட்டாள் ஹல்டா. சத்தமே இல்லாத குரல்.

டார்க்கஸ்தான் சொன்னாள். "அக்கா, உனக்குத் தெரியாதா?"

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். வெளியே முற்றத்துக்கு வந்து, முகத்தை மேலே தூக்கி என்னைப் பார்த்தாள்.

"சைலஸ், நீயும் சர்ச்சுல இருந்தியா?"

"இருந்தேன் அக்கா."

"எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம்."

"ஒருத்தருக்கும் என்கிட்டக் கேக்கணும்னு தோணலியா?"

"இதயம் தச்சிருந்தியே அக்கா." சொல்லிவிட்டு ஏணியில் இறங்க ஆரம்பித்தேன்.

அந்த நேரத்துக்கு லீவை மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வந்துவிட்டான், நல்ல சட்டை போட்டிருந்தான். தங்கை முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"இன்னும் ரெண்டு தடவை கூவணும், அப்புறம் பாதிரியார், அவ்வளவுதான். எல்லாம் சுலபம்," என்றான்.

"நான் ஓபெட்டைக் கட்டிக்கறேன்னு யார்கிட்ட அண்ணா சொன்னேன்?"

"வாயால சொல்லணுமா? ஊரே பாத்துச்சே. யாருக்குத் தச்சே அந்த இதயத்தை?"

"எனக்கு."

"உனக்கா?"

"மாடியறை குளிருது. பன்னிரண்டும் பழசாயிடுச்சு. இதயம் அழகா இருந்துச்சு, தச்சேன். நான் போத்திக்கறதுக்கு."

லீவை சத்தமாகச் சிரித்தான். "தனக்குத்தானே இதயம் தச்சுக்கிறவளை நான் பாத்ததே இல்ல."

"இப்பப் பாத்துக்கோ."

சிரிப்பு நின்றது. கோபத்தில் அவன் வாய் அவனுக்கே துரோகம் செய்தது. "இதோ பாரு, எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஓபெட்டுக்கு மேடு வேணாம், அவன் எனக்கு மாத்திக் குடுக்கறான். வசந்தத்துல இன்னும் ஆடு வருது. கொட்டகைக்கு இந்த வீட்டை விட்டா வேற எங்க போவேன்?"

ஏணியில் பாதி இறங்கியிருந்த நான் அப்படியே நின்றேன். ஹல்டா திரும்பித் தன் மஞ்சள் கதவைப் பார்த்தாள். மாடி ஜன்னலில் பெண்களின் தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக.

"என் வீட்டுல ஆடா?" என்றாள்.

பெண்கள் கைவிரலிலிருந்து தையல் தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். போர்வை பாதி தைத்தபடி சட்டத்திலேயே கிடந்தது. வண்டியில் டார்க்கஸ் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரையோடுகூடப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் சர்ச்சில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மூட்டுவலி என்று படுத்தவர்கள் எல்லாம் எழுந்து வந்திருந்தார்கள். ஓபெட் கழுத்துப்பட்டை இறுக்கிச் சிவந்து உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை நடந்தது அவன் காதுக்கு வரவில்லை. அவனிடம் யார் என்ன பேசுவார்கள்? ஹல்டா கடைசியாக வந்தாள். அப்பாவின் பூட்ஸ்தான். பெண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கினார்கள்.

ஜோத்தம் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். "இவ்வூர் ஓபெட் க்விம்பியும் இவ்வூர் ஹல்டா பெட்டிங்கிலும் மணம் செய்துகொள்ள எண்ணியிருக்கிறார்கள், தடுப்பவர் எவரேனும் இருந்தால் இப்போது சொல்லவும், மாட்டுச் சந்தை வரும் புதன்கிழமை..." என்று மூச்சுவிடாமல் போய்க்கொண்டே இருந்தார். தடுக்கிறேன் என்று அந்த ஊரில் எவனும் எழுந்ததில்லை. அதனால் அவர் அந்த இடத்தில் நிறுத்துவதே இல்லை.

"நான் தடுக்கறேன்," என்றாள் ஹல்டா.

ஜோத்தம் மாட்டுச் சந்தையிலேயே இருந்தார். "புதன்கிழமையைத் தடுக்க முடியாதும்மா, அது ஊர் நிர்வாகம் பாக்கற செலக்ட்மென் வச்சது."

"சந்தையை இல்ல, தாத்தா. கல்யாணத்தை."

மேல்மாடத்தில் பையன்கள் கெக்கலித்தார்கள். ஜோத்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீதானே பொண்ணு?"

"ஆமா."

"பொண்ணு எப்படித் தடுப்பா? தடுக்கறதுக்குன்னு காரணம் இருக்கணும். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கணும். இல்ல, ரத்த உறவா இருக்கணும். இல்ல, வயசு பத்தாம இருக்கணும். எதும்மா உனக்கு?"

"பொண்ணைக் கேக்கல. அதான் காரணம்."

லீவை எழுந்துவிட்டான். "உக்காரு ஹல்டா. ஜோத்தம் ஐயா, இவளுக்காக நான் சம்மதம் குடுத்தாச்சு."

"நீ குடுத்த சம்மதத்துக்கு நீயே போய் ஓபெட்டோட குடும்பம் நடத்து அண்ணா," என்றாள் அவள்.

ராக்சனா அம்மாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று பின்னால் சொன்னாள். பாதிரியார் எழுந்தார். சின்ன வயதுக்காரர், ஊருக்குப் புதுசு, இதற்கெல்லாம் அவர் படித்த புத்தகத்தில் வழி இருந்திருக்காது. எல்லாரும் ஓபெட் பக்கம் திரும்பினார்கள்.

ஓபெட் எழுந்தான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் சபையில் வாய் திறந்து அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

"நான் அவளைக் கேக்கல. லீவையைத்தான் கேட்டேன்," என்றான்.

"இத்தனை வருஷமாப் போறியேப்பா, ஏன் கேக்கல?" என்றார் ஜோத்தம். கிளார்க்காக இல்லை, ஒரு மனிதராகக் கேட்டார்.

"தைரியம் வரல."

சர்ச் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பாதிரியாரும் சிரித்தார், பிறகு கையை உயர்த்தினார். "சரி, ஓபெட். இப்பக் கேட்டுடுங்களேன். எல்லாருக்கும் நிம்மதியாப் போயிடும்."

டார்க்கஸ் முன்னால் இருந்த பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஓபெட் தன் தொப்பியைத் திருகிக்கொண்டு ஹல்டாவைப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அவன் நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"ஹல்டா, என்னைக் கட்டிக்கறியா?"

அவள் யோசித்தாள். அவன் கேட்டதற்கு மரியாதை கொடுத்து யோசித்தாள்.

"நீ நல்லவன் ஓபெட். உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா கட்டிக்க மாட்டேன். உன்னையும் இல்ல, வேற யாரையும் இல்ல. காலையில எழுந்து அந்தக் கதவைத் திறக்கும்போது எனக்கு வர்ற சந்தோஷத்தை யார்கிட்டயும் பங்கு போட முடியாது. அது என் வீடு. நான் அதுக்குள்ள இருக்கணும்."

"சரி," என்றான் ஓபெட். உட்கார்ந்தான். பிறகு மறுபடி எழுந்து, "ஜோத்தம் தாத்தா, அந்த அறிவிப்பை நானும் திரும்ப எடுத்துக்கறேன்," என்றான். அவன் முகத்தில் அவமானம் இருக்கும் என்று பார்த்தேன். பாரத்தை இறக்கிவைத்த மாடு மாதிரி இருந்தான்.

அன்று மத்தியானம் எங்கள் ஊரில் நடந்ததுதான் வேடிக்கை. ஞாயிறு சமைக்கக் கூடாது என்பதால் சனிக்கிழமையே பானையில் அடுப்பேற்றி வைத்த பீன்ஸ் ஞாயிறு மத்தியானம் சூடாகக் கிடைக்கும். அன்று எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. தட்டை வைக்கும் முன் ஒவ்வொரு மனைவியும் ஒரே கேள்வி கேட்டிருக்கிறாள். டார்க்கஸ் பானையைக் கையில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல் நின்றாள்.

"சைலஸ், நீ என்னைக் கேட்டியா, எங்கப்பாவைக் கேட்டியா?"

"உங்கப்பாவை."

"நான் எங்க இருந்தேன்?"

"கோழிக்குத் தீனி போட்டுட்டிருந்தே."

"நான் சம்மதம்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ சிரிச்சே."

"கோழியைப் பாத்துச் சிரிச்சேன்."

நான் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு அங்கேயே கேட்டேன். டார்க்கஸ், என்னைக் கட்டிக்கொள்வாயா என்று. கல்யாணமாகி ஒரு அறுவடை முடிந்த பிறகு. "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். பானையை வைத்தாள். யோசிக்கிறேன் என்று சொல்லி புதன்கிழமைச் சந்தை முடியும்வரை என்னைத் தவிக்கவிட்டாள். சந்தையில் ஒரு சீப்பு வாங்கிக்கொடுத்தேன். திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "சரி, கட்டிக்கறேன்," என்றாள். நான் குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய என்று தெரியாமல். எங்கள் மகளும் இப்போது இந்தக் குழந்தையும் அந்தப் பாலத்தில் வந்தவர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் ஹல்டாவுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மேட்டில் தனியாக வாழும் பெண்ணுக்குச் சட்டை மாதிரி அக்கம்பக்கம் வேண்டும். புல் அறுக்க ஆள் வேண்டும், பனிக்காலத்தில் எட்டிப்பார்க்க ஆள் வேண்டும். "ஒரு பொம்பளை அவ வீட்டுப் படி ஏறட்டும், பாக்கறேன்," என்று லீவை கடைவாசலில் சொல்லியிருந்தான். பாதித் தையலோடு போர்வை சட்டத்தில் கிடந்தது. அடுத்த வியாழக்கிழமைக்கு எல்லாரையும் மறுபடி கூப்பிட்டிருந்தாள். பெண்கள் வரவில்லையென்றால் அந்த ஊரில் அவள் இருப்பு முடிந்தது என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மிச்சக் கூரையை முடிக்க நான் போனேன். அவள் பெரிய பாத்திரத்தில் ஆப்பிள் சாறு, சைடர், சுடவைத்திருந்தாள், பக்கத்தில் ஆப்பிள் பை நாலைந்து வரிசையாக. மாடியறையில் நாற்காலிகள் சட்டத்தைச் சுற்றிக் காலியாக இருந்தன. அவள் தனியாக ஒரு மூலையில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பாதையில யாராவது தெரியுதா சைலஸ்?"

"இல்ல அக்கா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "இப்ப?"

"இல்ல."

"வரலேன்னா தனியாத் தைப்பேன். வசந்தத்துக்குள்ள முடிஞ்சிடும்." குரல் கெட்டியாகத்தான் இருந்தது. ஊசிதான் விரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

பாலத்தின்மேல் ஒரு கறுப்புத் தொப்பி தெரிந்தது. ராக்சனா, ஊசி கோக்க வராத ராக்சனா, கையில் பத்திரிகையோடு. அவளுக்குப் பின்னால் என் டார்க்கஸ். அப்புறம் இரண்டு பேர், அப்புறம் ஒரு வண்டி நிறைய. கடைசியில் தலையில் சால்வையைப் போட்டு மூடிக்கொண்டு, புருஷனுக்குத் தெரியாமல், மெர்சி.

நான் கூரைமேல் நின்று தொப்பியை வீசிக் கத்தினேன். "வர்றாங்க அக்கா, எல்லாரும் வர்றாங்க." சறுக்கி விழப் பார்த்தேன்.

படி ஏறும்போதே ராக்சனா ஆரம்பித்தாள். "ஏண்டி ஹல்டா, மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்குப் பை உண்டா இல்லியா?"

"ரெண்டு பங்கு உண்டு. மாப்பிள்ளை பங்கு மிச்சம்," என்றாள் ஹல்டா. சொல்லும்போது அழுதாள், சிரித்துக்கொண்டே.

மெர்சி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "ஆடு விஷயம் எனக்குத் தெரியாது ஹல்டா. சத்தியமா."

"தெரியும் மெர்சி. உக்காரு. அந்த ஓரம் உனக்குத்தான் நேரா வரும்."

மாலைக்குள் கடைசி இதயத்தையும் தைத்து முடித்துவிட்டார்கள். சட்டத்திலிருந்து கழற்றினதும் எங்கள் பெண்கள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். போர்வையின் நாலு பக்கமும் பிடித்து நடுவில் பூனையை விட்டு உலுக்குவார்கள். பூனை யார் பக்கம் தாவுகிறதோ அவளுக்கு அடுத்த கல்யாணம். ஹல்டாவின் கிழட்டுப் பூனை ஒரு சுற்று சுற்றி நேராக ராக்சனாவின் மடியில் விழுந்தது. அறுபதைத் தாண்டிய ராக்சனா பூனையைத் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, "முதல்ல என்னைக் கேளுடா," என்றாள்.

லீவை கொஞ்ச வருஷம் தங்கையோடு பேசவில்லை. ஆட்டை ஆற்றோரம் வளர்த்தான். ஈரத்தில் குளம்பு அழுகி நட்டப்பட்டதும் ஆசை விட்டுப்போயிற்று. ஹல்டா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தலை வெளுத்துவிட்டது, கதவு வருஷாவருஷம் மஞ்சள். கல்யாணத்துக்கு வற்புறுத்துகிறார்கள் என்று எந்தப் பெண்ணாவது அழுதுகொண்டு மேடு ஏறினால் அங்கே படுக்க இடம் உண்டு. கட்டிக்கொள் என்றும் சொல்லமாட்டாள், வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள். "உன்னைக் கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்பாள்.

ஓபெட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. போர்வை முடிந்த அந்த வாரக் கடைசியில், ஞாயிறு சாயங்காலம், நான் விட்டுவந்த ஏணியை எடுக்க மேட்டுக்குப் போயிருந்தேன். ஓபெட் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தான். வாசலுக்கு வந்தான். வழக்கம்போல் கை கதவுக் கொண்டிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. கையை எடுத்தான். விரலை மடக்கி, முட்டை ஓட்டைத் தட்டுகிற மாதிரி மெதுவாகத் தட்டினான்.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து. ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

"ஓபெட்."

"என்ன வேணும் ஓபெட்?"

"உள்ள வரலாமா?"

"இன்னிக்கு வேணாம். தனியா இருக்கணும்போல இருக்கு."

"சரி," என்றான். கோபம் இல்லை. ஒரு படி இறங்கினவன் திரும்பிக் கதவைப் பார்த்து, "அடுத்த வாரம் வந்து கேக்கட்டுமா?" என்றான்.

"கேளு."

அவன் என்னைக் கடந்து மேட்டிலிருந்து இறங்கிப் போனான். அவன் சீட்டியடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.